தாவர எண்ணெயில் ஓடும் வான்

2022ஆம் ஆண்டிலே நம் நாட்டின் எரிபொருள் நிலையங்களுக்கு முன்னால் வண்டிகள் நாட்கணக்காக வரிசைகட்டி நின்றதை எவரும் எளிதில் மறந்திரார். அவ்வாண்டு யூன் 27ஆந் திகதி அரசாங்கம் ஓர் அறிவித்தல் விடுத்தது. யூலை 10ஆந் திகதி வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் வழங்கப்படும் என்பது அது. வரிசையில் நின்றோர் வாயில் அந்நாட்களில் எழுந்த வினாக்களுள் ஒன்று, "டீசல் வானுக்குத் தேங்காயெண்ணெய் ஊற்றினால் ஓடுமாமே, மெய்தானா?" என்பது. ஓடும் என்று அடித்துச் சொன்னவரும் உளர். இயந்திரம் கெட்டொழியும் என்று எச்சரித்தவரும் உளர். இரு திறத்தாரும் கூறியது உண்மையே. எப்பொழுது ஓடும், எப்பொழுது கெடும், ஓடினால் எத்துணைத் தூரம் ஓடும், ஓட்டத்தான் வேண்டுமா என்பவற்றை நம் கல்லூரியின் பழைய மாணவரும் இற்றை மாணவரும் விளங்கிக்கொள்ளுமாறு இங்கே எடுத்துரைக்க முற்படுகின்றோம். பௌதிகமும் இரசாயனமும் சிறிது வரும், மறந்தவர் அஞ்சவேண்டா.

இக்கருத்து நேற்று முளைத்ததன்று. டீசல் இயந்திரத்தை ஆக்கித் தந்த ருடோல்ப் டீசல், ஜேர்மனியப் பெற்றோருக்கு 1858இல் பாரிஸ் நகரிற் பிறந்தவர். 1892இல் தம் எண்ணத்துக்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்து, 1897இல் அதனை இயங்கும் பொறியாக உலகுக்குக் காட்டினார். அவர் அதனை நிலக்கடலை எண்ணெய்க்கென்றே அமைத்தார் என்று பலர் எழுதி வருகின்றனர். அது பொருந்தாது. நடந்தது வேறு. 1900இல் பாரிசில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியிலே ஒட்டோ கம்பெனியார் சிறிய டீசல் இயந்திரம் ஒன்றை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினர். பிரெஞ்சு அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி செய்யப்பட்ட சோதனை அது. மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்காக அமைந்த அவ்வியந்திரம், மாற்றம் எதுவுமின்றித் தாவர எண்ணெயிலும் ஓடியது. பார்த்தவர்களுட் பலர் வேற்றுமையை அறியவுமில்லை. இவற்றையெல்லாம் டீசலே 1912இல் எழுதியுள்ளார். ஆபிரிக்காவிலிருந்த தம் குடியேற்ற நாடுகளிலே நிலக்கடலை மிகுதியாக விளைவதால், நிலக்கரியையோ எண்ணெயையோ கப்பலேற்றி அனுப்பாது அவ்விடத்து விளைபொருளைக் கொண்டே இயந்திரங்களை ஓட்டலாம் என்பது பிரெஞ்சுக்காரர் போட்ட கணக்கு. அதற்கு அடுத்த ஆண்டு, 1913 செப்டெம்பரில், இங்கிலாந்துக்குக் கப்பலிற் சென்றுகொண்டிருந்த டீசல் நள்ளிரவில் மறைந்துபோனார். நிலத்தெண்ணெய் மலிந்தது, நிலக்கடலை எண்ணெயை உலகம் மறந்தது. போர், முற்றுகை, பஞ்சம் என்பவை வரும்போதெல்லாம் அந்நினைவு மீண்டும் எழுவதும், அவை நீங்கியதும் அமிழ்வதும் வழக்கமாயிற்று.

இனி இயந்திரத்தின் உள்ளே நோக்குவோம். பெற்றோல் இயந்திரத்தில் எரிபொருள் ஆவியாகிக் காற்றொடு கலந்தபின் மின்பொறியொன்று அதனைக் கொளுத்துகின்றது. டீசல் இயந்திரத்தில் மின்பொறி இல்லை. காற்றை மாத்திரம் இருபதில் ஒரு பங்களவுக்கு நெருக்குவதனால் அது 500 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறுகின்றது. அச்சூட்டினுள் எரிபொருள் மிக நுண்ணிய துளைகளினூடே பனிப்புகை போலத் தூவப்பட்டுத் தானே பற்றுகின்றது. தூவும் அவ்வுறுப்பை நம்மூர் மெக்கானிக்குமார் நொசில் என்பர். ஆகவே டீசல் இயந்திரத்துக்கு எரிபொருள் எளிதில் ஆவியாக வேண்டுமென்பதில்லை. நுண்டுளியாகச் சிதறினாற் போதும். தாவர எண்ணெய்க்கு இவ்வியந்திரத்தில் இடங்கிடைத்ததும் இதனாலேயே, இடர் வந்ததும் இதனாலேயே.

எண்ணெய் எரியுமா என்பது இங்கே வினாவன்று. நூற்றாண்டுகளாக நம் கோயில்களில் எரிந்து வருவதே அதற்குச் சான்று. எண்ணெய் பாயுமா, சிதறுமா என்பதே வினா. திரவம் ஒன்று பாயும்போது அதன் படைகள் ஒன்றையொன்று தடுக்கும் தன்மையைப் பிசுக்குமை என்பர். தண்ணீருக்கு அது சிறிது, தேனுக்குப் பெரிது. 40 பாகையில் டீசலின் பிசுக்குமை 2 முதல் 4.5 அலகு வரை இருக்கும்போது, தாவர எண்ணெய்களின் பிசுக்குமை 27 முதல் 40 வரை செல்கின்றது. பத்து மடங்கு என்று கொள்ளலாம். இத்தகைய தடித்த எண்ணெயைக் குளிர்ந்த இயந்திரத்துக்குள் செலுத்தினால் நொசிலிலிருந்து புகைபோல் வரவேண்டியது தாரையாக வருகின்றது. தாரை முற்றாக எரிவதில்லை. எரியாது எஞ்சியது நொசில் நுனியிற் கரியாகப் படிந்து தூவலை மேலும் கெடுக்க, கெட்ட தூவலால் மேலும் கரி படிகின்றது. ஊற்றிய அன்று வான் நன்றாகவே ஓடும். கேடு சில மாதங்கள் கழித்தே தலைகாட்டும். ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் ஒரு கிழமை அனுபவத்தைக் கொண்டு சாதிப்பதை நாம் ஏற்கமுடியாமைக்குக் காரணம் இதுவே.

தேங்காயெண்ணெய்க்கு இன்னும் ஒரு குணம் உண்டு. 24, 25 பாகையளவில் அது உறைந்துவிடும். யாழ்ப்பாணத்திலும் மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் தலைக்கு வைக்கும் எண்ணெய் போத்தலுக்குள் வெண்ணெய்போல இறுகிக் கிடப்பதைக் காணாதார் யார்? நுவரெலியாவிற் கேட்கவேண்டியதில்லை. இறுகிய எண்ணெய் குழாயினூடே ஒரு துளியும் நகராது.

இவ்விரு குறைக்கும் மருந்து ஒன்றே. அது வெப்பம். எண்ணெயை 70, 80 பாகைக்குச் சூடாக்கினால் அது டீசலை முற்றாக ஒவ்வாவிடினும் இயந்திரம் பொறுக்கத்தக்க அளவுக்கு இளகிவிடும். அவ்வெப்பத்தை வேறெங்கும் தேடவேண்டியதில்லை. ஓடும் இயந்திரத்தைக் குளிர்விக்கும் றேடியேற்றர் நீர் 80, 90 பாகையில் வீணே காற்றுக்குத் தன் சூட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றது. அந்நீரின் ஒரு பகுதியைக் குழாய் வழியே எண்ணெய்த் தாங்கிக்குள்ளும், எண்ணெய் வடியைச் சுற்றியும் செலுத்தினால் எண்ணெய் தானே சூடேறும். ஆயின் இயந்திரம் ஓடினாலன்றி நீர் சூடேறாது. எண்ணெய் சூடேறினாலன்றி இயந்திரம் எண்ணெயில் ஓடாது. இச்சிக்கலை அவிழ்ப்பதற்கே வானிலே இரண்டு தாங்கிகளை வைப்பர். ஒன்றில் டீசல், மற்றதில் எண்ணெய். டீசலில் இயந்திரத்தை எழுப்பி, நீர் சூடேறியபின் ஆளியொன்றைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்றுவர். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்னதாக மீண்டும் டீசலுக்கு மாற்றிப் பம்பியிலும் நொசிலிலும் நிற்கும் எண்ணெயைக் கழுவிவிடுவர். தாவர எண்ணெய்க்காக மாற்றியமைக்கப்பட்ட வான் என்று உலகில் வழங்குவதன் உட்பொருள் பெரும்பாலும் இவ்வளவே: ஒரு மேலதிகத் தாங்கி, சில முழக் குழாய், ஒரு வெப்பமாற்றி, ஒரு வடி, ஒரு வாயில்.

இந்த வித்தை நம்மவர்க்குப் புதிதன்று. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டன. அந்நாட்களில் நாற்பது ஆண்டு கண்ட ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் கொட்டில்களிலிருந்து வெளிவந்து மண்ணெண்ணெயில் ஓடின. ஓட்டுவோர் செய்தது யாது? கிடைத்தற்கரிய பெற்றோலிற் சிறிதளவை ஒரு சிறு போத்தலிற் காத்துவைத்து, அதில் ஓரிரு துளியைக் காபுரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு விட்டனர். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. சூடேறிய இயந்திரத்தில் ஆவியாகும். இளகிய எரிபொருளால் எழுப்பு, சூட்டால் தடித்த எரிபொருளை ஓட்டு என்னும் அதே விதிதான். டீசல் வண்டி வைத்திருந்தோருள் மண்ணெண்ணெயோடு சிறிது தாவர எண்ணெய் கலந்து ஓட்டியவரும் உளர். அதற்கும் நியாயம் உண்டு. டீசற் பம்பியின் உட்பாகங்களுக்கு வழுக்குத் தருவது எரிபொருளே. மண்ணெண்ணெய் மெலிந்தது, அதனால் உராய்வைத் தாங்காது. அதற்கு எண்ணெயும், எண்ணெயின் தடிப்புக்கு மண்ணெண்ணெயுமாக ஒன்றன் குறையை மற்றது ஈடுசெய்தது. அந்தக் கராச்சுகளில் எண்ணெய்க் கையோடு நின்றோருட் பலர் பிசுக்குமை என்னும் சொல்லை எங்கும் படித்தவரல்லர்.

இரு தாங்கி வானொன்று யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்படுவதாக வைத்துக்கொண்டு, அதன் பயணம் எவ்வாறிருக்கும் என்று பார்ப்போம். வழி ஏறத்தாழ 400 கிலோமீற்றர். காலையிற் டீசலில் எழும் வான் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து கைதடியை அணுகும்போது நீர் சூடேறத் தொடங்கியிருக்கும். எண்ணெய்த் தாங்கி முழுவதும் இளகவேண்டியதில்லை. உறிஞ்சு குழாயைச் சுற்றியுள்ள பகுதி இளகினால் முதலிற் போதும். சாவகச்சேரிக்கு வரும்போது சாரதி ஆளியைத் திருப்பலாம். திருப்பியதை உள்ளிருப்போர் அறியமாட்டார். பின்னால் வருபவரே அறிவர். புகையின் மணம் மாறிவிடும். டீசலின் காரம் நீங்கி, அடுப்படியில் எண்ணெய் காய்வது போன்ற வாசனை எழும். ஆனையிறவு வெளியில் வேகம் சிறிது குன்றியதுபோலத் தோன்றினால் அதுவும் பொய்யன்று. ஒரு லீற்றர் தாவர எண்ணெயில் அடங்கிய சக்தி, ஒரு லீற்றர் டீசலினதைக் காட்டிலும் நூற்றுக்கு ஐந்து முதற் பத்து வரை குறைவு.

முறிகண்டியில் வண்டி நிற்காது போவதில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி வருவதற்குப் பத்து நிமிடம். இத்துணைச் சிறு தரிப்புக்கு டீசலுக்கு மாற்றவேண்டியதில்லை. இயந்திரத்தின் சூடு காப்பாற்றும். (பாரிசில் 1900இல் ஓடியதும் இன்று பசிபிக் தீவுகளில் ஓடுவதும் அக்கோயில் வாசலில் ஒன்றாகக் கிடைக்கின்றன என்பதை வழிப்போக்கர் நினைவிற் கொள்க.) வவுனியாவிலே சாப்பாட்டுக்கு நின்று ஒரு மணி நேரம் கழியுமெனின், நகரை அணுகும்போதே டீசலுக்கு மாறிவிடல் வேண்டும். கொழும்பை அடைந்து இரவு நிறுத்துமுன் அவ்வாறு செய்தல் கட்டாயம். நெருக்கடித் தெருவில் மனம் சலித்த சாரதி இதனை மறந்து சாவியைத் திருப்பிவிட்டால், மறுநாட்காலையிற் பம்பிக்குள் குளிர்ந்த எண்ணெய் நிற்கும், வான் எழாது. இம்முறையிற் பழகியோர் வண்டிகளில் நின்றவற்றுட் பல இம்மறதியால் நின்றவையே. இவ்வாறு சென்றால் 40 லீற்றர் டீசல் வேண்டிய பயணத்துக்கு நாலைந்து லீற்றர் டீசலும், மீதிக்கு எண்ணெயும் போதியவாகும்.

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. எல்லா இயந்திரமும் ஒன்றல்ல. எண்ணெய் மூலக்கூறு என்பது கிளிசரின் என்னும் முதுகெலும்பிலே மூன்று கொழுப்பமில வால்கள் தொங்கும் அமைப்பு. அவ்வால்களில் இரட்டைப் பிணைப்புக்கள் மிகுந்திருந்தால் காற்றிலும் சூட்டிலும் ஒன்றோடொன்று கைகோத்துப் பிசினாகிவிடும். ஆளிவிதை எண்ணெய் வர்ணப்பூச்சாக உலர்வது அதனால். கோயிலில் நாட்பட்ட தூண்டாமணி விளக்கின் விளிம்பிலே நல்லெண்ணெய் பசைபோல் ஒட்டி, சாம்பல் இட்டுத் தேய்த்தாலும் போகமறுப்பதும் அதனால். இயந்திரத்துக்குள்ளும் அதுவே நிகழும். எரியாத எண்ணெய் ஆடுதண்டின் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி வழுக்கெண்ணெயோடு கலந்து, சூட்டிற் கிடந்து கிடந்து கூழாகிவிடுகின்றது. கூழான வழுக்கெண்ணெய் வழுக்காது. இயந்திரம் இறுகி நின்றபின் மெக்கானிக்கு திறந்து பார்த்தால் உள்ளே பனங்களி போன்றதொன்றைக் காண்பார். இவ்வகையில் தேங்காயெண்ணெயே சிறந்தது. அதன் வால்களிற் பெரும்பாலானவற்றில் இரட்டைப் பிணைப்பு இல்லை, எளிதிற் பிசினாகாது. உறைவது அதன் குறை; பிசினாகாமை அதன் நிறை. சூரியகாந்தி எண்ணெய்க்கு இது மறுதலை.

இயந்திரத்தைப் பொறுத்தவரை பழையதே மேல். எரிபொருளை முன்னறை ஒன்றிற் தூவி அங்கே பற்றவைக்கும் பழைய அமைப்புத் தடித்த எண்ணெயைப் பொறுக்கும். நம் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய ரொயோட்டா ஹையேஸ் வான்களின் 2எல், 3எல், 5எல் இயந்திரங்கள் அவ்வகையின. வரிசையாக அமைந்த உருளைகளையுடைய பம்பி தாங்கும். எரிபொருளையே வழுக்காக நம்பிச் சுழலும் சில பம்பிகள் குளிர்ந்த எண்ணெயில் அச்சு முறிவதுண்டு. ஆயிரம் வளிமண்டல அமுக்கத்துக்கு மேல் தூவும் இக்காலத்துப் புதிய டீசல் இயந்திரங்களில் வெறும் எண்ணெயை விடுவது பணத்தைக் கொளுத்துவதாகும். ஜேர்மனியில் லுட்விக் எல்ஸ்பெற் என்னும் பொறியியலாளர் தாவர எண்ணெய்க்கென்றே இயந்திரம் அமைத்தார். அந்நாட்டில் கடுகினத்து எண்ணெய்க்கு எரிபொருட் தரநிர்ணயமும் உண்டு.

எண்ணெய்க்கேற்ப இயந்திரத்தை மாற்றாது, இயந்திரத்துக்கேற்ப எண்ணெயை மாற்றுவது இன்னொரு வழி. எண்ணெயுடன் மெதனோலையும் சிறிது எரிசோடாவையும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால் மூன்று வால்களும் முதுகெலும்பை விட்டு நீங்கி மெதனோலோடு சேர்ந்துகொள்கின்றன. கிளிசரின் அடியில் தங்குகின்றது. மேலே நிற்பது டீசலை ஒத்த மெல்லிய திரவம், உயிர்டீசல் என்பர். 1937இல் பெல்ஜியத்துச் சவான் என்பவர் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். அடுத்த ஆண்டு பிரசெல்சுக்கும் லூவேனுக்கும் இடையே பஸ் ஒன்று பாமெண்ணெயிலிருந்து ஆக்கிய இத்தகைய எரிபொருளில் ஓடியது. 1997இல் ஐக்கிய அமெரிக்காவில் ஜோஷுவா டிக்கெல் என்பவர் வீட்டுவான் ஒன்றில் ஆயிரக்கணக்கான மைல் சென்றதும் இம்முறையாலேயே. உணவகங்களிற் பொரித்துக் கழித்த எண்ணெயைக் கேட்டு வாங்கி, வானுக்குப் பின்னே இழுத்துச் சென்ற சிறு பொறியில் எரிபொருளாக்கி ஓட்டினார். நூலொன்றும் எழுதினார். அதன்பின் பலர் இவ்வேட்கை கொண்டனர். இங்கே ஓர் எச்சரிக்கை கூறுவது நம் கடமை. மெதனோல் கண்ணைக் குருடாக்கும் நஞ்சு. அது எரியும்போது சுவாலை பகலிற் தெரியாது. வீட்டு அடுப்படியிற் செய்து பார்க்கும் வேலையன்று இது.

இலவசமாகக் கிடைப்பதை அரசிறை அதிகாரிகள் நெடுங்காலம் பார்த்துக்கொண்டிருப்பதில்லை என்பதற்கு வேல்ஸ் நாட்டு லனெல்லி என்னும் ஊர் எடுத்துக்காட்டு. 2002இல் அங்குள்ள கடையொன்றிற் சமையலெண்ணெய் வழக்கத்துக்கு மாறாக விற்றுத் தீர்ந்தது. ஊரார் அவ்வளவும் பொரித்துத் தின்றனரோ என்று ஆராய்ந்ததில், கார்களுக்கு ஊற்றியமை வெளிப்பட்டது. எரிபொருள் வரி செலுத்தாத குற்றத்துக்காகப் பொலிசார் தெருவில் வண்டிகளை மறித்துப் புகையை மோந்து பிடித்தனர். 2007இலிருந்து, ஆண்டுக்கு 2,500 லீற்றருக்கு உட்பட ஆக்குவோருக்கு அவ்வரி நீக்கப்பட்டது.

இவையெல்லாம் வசதியுள்ளோர் விருப்பத்தாற் செய்தவை. வேறு வழியின்றிச் செய்தவர் கதை ஒன்றுண்டு. அதுவே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. பப்புவா நியூகினியைச் சேர்ந்த பூகன்வில் என்னும் தீவிலே பங்குனா என்னுமிடத்தில் மாபெருஞ் செப்புச் சுரங்கம் இருந்தது. நிலமும் ஆறும் பாழானதால் வெகுண்ட தீவினர் 1988இல் கிளர்ந்தெழுந்தனர். 1989இற் சுரங்கம் மூடப்பட்டது. 1990இல் அரசாங்கம் தீவைக் கடலாற் சூழ்ந்து முற்றுகையிட்டது. எரிபொருளும் மருந்தும் நின்றன. மருந்தின்றி மாண்டோர் பலர். அம்முற்றுகையுள் தீவினர் தேங்காயைத் திருவி எண்ணெய் எடுத்து, சுரங்கக் கம்பெனியார் விட்டுச்சென்ற டீசல் வண்டிகளில் ஊற்றி மலைத்தெருக்களில் ஓட்டினர். விளக்கெரித்ததும் அதே எண்ணெய். சமைத்ததும் அதே எண்ணெய். 2001இல் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாகும் காலத்திலே இதனை உலகுக்குக் காட்டிய திரைப்படமும் ஒன்று வந்தது.

அதே 1990இல் யாழ்ப்பாணமும் தடைக்குள் இருந்தது. அங்கே தேங்காயெண்ணெயில் வண்டி ஓட, இங்கே மண்ணெண்ணெயில் ஓடியது ஏன்? நம்மவர் அறிவிற் குறைந்தவரல்லர். அங்கே எஞ்சியிருந்தவை டீசல் வண்டிகள். இங்கே கொட்டிலிற் கிடந்தவற்றுட் பல பெற்றோற் கார்கள். பெற்றோல் இயந்திரம் தாவர எண்ணெயை எவ்வளவு சூடாக்கினாலும் ஏற்காது. ஆவியாகாத ஒன்றை மின்பொறி கொளுத்தமாட்டாது. அங்கே மக்கள் சிலர், தென்னைகள் பல. எங்கும் கொப்பரைத் தோட்டம். இங்கே பனை பல, தென்னை அளவோடு, மக்கள் பலர். தேங்காய் கறிக்கே வேண்டியிருந்தது. அளவிட்டுக் கிடைத்த மண்ணெண்ணெயோ விளக்குக்கும் அடுப்புக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் பங்கிடப்பட்டு எஞ்சியதே தெருவுக்கு வந்தது. ஜாம் போத்தலில் திரியிட்டு, அதன் சிறு சுடரிற் பாடம் படித்துப் பரீட்சை எழுதிய பழைய மாணவர், ஒரு கார் ஒரு மைல் ஓட எத்தனை இரவு விளக்கெரியும் என்னும் கணக்கை நம்மிலும் நன்கறிவர்.

அக்கணக்கை இன்று தேங்காய்க்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லீற்றர் எண்ணெய்க்கு ஏழு அல்லது எட்டுத் தேங்காய் வேண்டும். நாம் மேலே கூறிய கொழும்புப் பயணத்துக்கு 35 லீற்றர் எனின் ஏறத்தாழ 260 தேங்காய். நல்ல தென்னை ஆண்டொன்றுக்கு 50, 60 காய் காய்க்கும். ஆக ஐந்து மரத்தின் ஓராண்டுப் பலனை ஒரு பகலிற் புகையாக்கிக் கொழும்பு சேர்கின்றோம். திரும்பி வர இன்னும் ஐந்து மரம். நாடு முழுவதிலும் ஆண்டுதோறும் விளையும் 250 முதல் 300 கோடி வரையிலான தேங்காயில் ஒன்றையும் சம்பலுக்கு மிச்சம் வையாது எண்ணெயாக்கினாலும், நாட்டின் டீசற் றேவையில் மூன்றிலொரு பங்கு தேறாது. விலையைக் கேட்டால் வினாவே எழாது. கடையில் ஒரு லீற்றர் தேங்காயெண்ணெயின் விலைக்கு இரண்டு லீற்றருக்கு மேலும் டீசல் வாங்கலாம். ஆகவே 2022இன் வரிசையில் எழுந்த வினாவுக்கு நம் விடை: ஓடும், ஆனால் அடுப்பிலிருந்து எடுத்துத் தெருவில் ஊற்றியே ஓடும். தாவர எண்ணெயால் நாட்டின் எரிபொருட் குறை முழுவதும் தீரும் என்று மேடைகளிற் பேசுவோர் இக்கணக்கை முதலிற் போட்டுப் பார்ப்பது நன்று.

எனினும் இதற்கு உரிய இடம் இல்லாமலில்லை. கப்பற் கூலியால் டீசல் விலையேறி, தென்னை மலிந்து, கொப்பரை விலைபோகாது கிடக்கும் பசிபிக் தீவுகளில் அது நியாயமான தொழில். வனுவாத்து நாட்டில் மினிபஸ்கள் தேங்காயெண்ணெய் கலந்து ஓடியதுண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி டீசலில் தேங்காயெண்ணெயிலிருந்து ஆக்கிய உயிர்டீசல் சிறு பங்கு கலக்கப்படுகின்றது. நம் நாட்டில் பெரிய ஓட்டல்களும் விடுதிகளும் கழிக்கும் பொரித்த எண்ணெயே இதற்கு ஏற்றது. அவ்வெண்ணெய் மீண்டும் வடைச்சட்டிக்குப் போவதைக் காட்டிலும் வானுக்குப் போவது உண்போர் உடம்புக்கு நன்று.

பழைய வானும் பொறுமையும் உள்ள அன்பர் ஒருவர் முயல விரும்பின், கழித்த எண்ணெயைப் பீப்பாயில் ஒன்றிரண்டு கிழமை அசையாது வைத்துத் தெளியவிட்டு, மேலாக எடுத்து, மயிரிழையிலும் நுண்ணிய கண்ணுடைய வடியில் வடித்துக்கொள்க. ஒரு துளியைக் காய்ந்த தாச்சியில் விட்டுப் பார்க்கவேண்டும். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் உண்டு. அது பம்பியைத் துருவேற்றும். செப்புத் தாங்கியும் செப்புக் குழாயும் எண்ணெயைப் பிசினாக்குமாதலால் துருவேறா உருக்கு அல்லது அலுமினியத் தாங்கியே வைத்தல் வேண்டும். வழுக்கெண்ணெயை வழக்கமான தூரத்திற் பாதியிலேயே மாற்றுக. கிழமைக்கு ஒருமுறை அளவுகோலை இழுத்து, அதில் ஒட்டியதை இரு விரலாற் தொட்டுப் பிரித்துப் பார்க்க. தேன்போல இழை இழுத்தால் அன்றே வடித்துவிட்டுச் சில நாள் டீசலில் மாத்திரம் ஓடுக.